இரட்டைக் கொம்பு போட்டுத் தந்த வீரமாமுனிவர்

ஒஸ்லோவில் நிலக்கீழ்த் தொடருந்தில் போகும்போது, அடுத்த தரிப்பிடத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்வதை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். நாங்கள் குறொன்லாண்ட் என்று எழுதுகிற இடத்தின் பெயர் அங்கே அப்படி ஒலிப்பதில்லை. முதல் அசையில் வருவது எங்கள் ஒகரமும் அல்ல, எகரமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஓர் ஒலி அது. கடைசியில் நாங்கள் அழுத்திச் சொல்கிற ட் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது, வாயில் வராது. மரக்கறிக்கும் மீனுக்கும் அரிசி மூட்டைக்கும் எத்தனையோ வருடங்களாக அங்கே போய் வருகிறோம். பெயரை மட்டும் இன்னும் எங்கள் விருப்பத்துக்குத்தான் சொல்கிறோம். பக்கத்தில் இருக்கிற பிள்ளை மெல்லத் திருத்தும். சிலவேளை சிரிக்கும்.

சிரிப்பதற்கு எங்களிடம் கதைகள் நிறைய உண்டு. வந்த புதிதில் எங்களில் ஒருவர் மின்குமிழ் வாங்கக் கடைக்குப் போனார். நோர்வேஜிய மொழியில் மின்குமிழை ஒளிப் பேரிக்காய் என்பார்கள். ஒளிக்கான சொல்லில் வருகிற உயிரொலி எங்களிடம் இல்லை. ஈ என்று சொல்ல நாக்கை வைத்து, ஊ என்று சொல்ல உதட்டைக் குவித்தால் வருவது அது. இவர் நேராக ஊகாரத்தைப் போட்டு லூஸ் என்றார். நோர்வேஜியக் காதில் அது பேன் என்று விழும். பேன் பேரிக்காய் கேட்ட மனிதரைக் கடைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று இன்றைக்கும் ஒன்றுகூடல்களில் சொல்லிச் சிரிப்போம்.

ஆனால் எல்லாம் சிரிப்போடு முடிவதில்லை. இரண்டு முறை கேட்டும் எதிரில் இருப்பவருக்கு விளங்காவிட்டால் மூன்றாம் முறை பலர் வாய் திறப்பதில்லை. மருத்துவரிடம் போகும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாக்கள் இருந்தார்கள். தாயின் வயிற்று நோவைப் பிள்ளை எடுத்துச் சொல்லும். மருத்துவரின் பதிலையும் பிள்ளையே தாய்க்குச் சொல்லும். அந்த அம்மாவுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. வகுப்பில் எழுத்துப் பரீட்சையில் தேறியவர்தான். ஓர் உயிரொலி பிழைத்துவிடுமோ, பிள்ளைக்கு வெட்கமாகிவிடுமோ என்று பயந்துதான் பேசாமல் விட்டார்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இதே காட்சி தலைகீழாக நடக்கும். பிள்ளை கொடு என்பதைக் கோடு என்று வாசிக்கும். எரி என்பதை ஏரி என்னும். இந்த முறை சிரிப்பது நாங்கள். இவ்வளவு சின்ன வித்தியாசம் கூடத் தெரியவில்லையே என்று வீட்டுக்கு வந்தும் சொல்லுவோம்.

அந்தச் சின்ன வித்தியாசத்தை எழுத்தில் கண்ணுக்குத் தெரியும்படி செய்தவர் யார் என்று கேட்டால், எங்களில் பலருக்குப் பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர் நினைவுக்கு வரும்: வீரமாமுனிவர். அவரைத் தேம்பாவணி பாடிய புலவராக அறிவோம். பரமார்த்த குருவின் கதை எழுதியவராக அறிவோம். முப்பது வயதில், அயல்நாட்டில், முற்றிலும் வேறான ஒரு மொழியை முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கிய மாணவனாக அவரைப் பார்த்ததில்லை. குறொன்லாண்டில் நின்று பார்க்கும்போது எங்களுக்குத் தெரிகிற வீரமாமுனிவர் அந்த மாணவர்தான்.

அவருடைய இயற்பெயர் கொன்ஸ்தான்சோ யுசேப்பே பெஸ்கி. 1680 நவம்பர் 8 ஆம் நாள் வட இத்தாலியில் மாந்துவாவுக்கு அண்மையில் உள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698 இல் இயேசு சபையில் சேர்ந்து, இறையியல் படித்துக் குருவானார். லிஸ்பனில் கப்பலேறி 1710 இல் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து தமிழ்நாட்டின் மதுரை மறைத்தளத்துக்கு அனுப்பப்பட்டார். காமநாயக்கன்பட்டி அவர் முதலில் பணிசெய்த ஊர்களில் ஒன்று. பின்னர் கொள்ளிடக் கரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் நீண்டகாலம் வாழ்ந்தார். காவி உடுத்து, மரக்கறி உணவு உண்டு, ஊர்த் துறவியைப் போலவே இருந்தார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் படித்தார் என்பது வழிவழியாக வரும் தகவல்.

அவர் கையில் எடுத்த தமிழ் நாங்கள் இன்று வாசிக்கும் அச்சுத் தமிழ் அல்ல; ஓலைத் தமிழ். அதில் அவருக்கு இருந்த சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தொல்காப்பியமும் நன்னூலும் சொல்கிறபடி, பழைய தமிழில் குறில் எகரத்துக்கும் குறில் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். மெய்யெழுத்துக்கும் புள்ளி உண்டு. ஏட்டில் இது நல்ல ஒழுங்குதான். ஆனால் எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியலாம். அதனால் ஏடு எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். புள்ளி போனதும் எகரமும் ஏகாரமும் ஒரே உருவமாயின. ஒகரமும் ஓகாரமும் அப்படியே. எரி, ஏரி இரண்டுக்கும் ஒரே வடிவம். எடு, ஏடு இரண்டுக்கும் ஒரே வடிவம். கொல் என்று எழுதியிருப்பது கொல்வதா, கையில் பிடிக்கும் கோலா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு மேல், காலும் ரகரமும்கூட அந்நாளில் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. ஒரு கொம்பு, ஒரு ககரம், ஒரு கால் வரிசையாக நின்றால் அதைக் கொ என்றும் வாசிக்கலாம், கோ என்றும் வாசிக்கலாம், கெர என்றும் கேர என்றும் வாசிக்கலாம்.

தமிழைப் பால்குடியோடு கற்றவருக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. சொல் அவருடைய காதில் ஏற்கனவே இருக்கிறது. ஏரியில் தண்ணீர் என்று வந்தால் எரி என்று வாசிக்க மாட்டார். செய்யுளென்றால் ஆசிரியர் வாயிலிருந்து கேட்டுப் பாடமாக்கியிருப்பார். ஏடு நினைவூட்டுவதற்கு மட்டும்தான். வெளியிலிருந்து வந்தவருக்கு அந்தக் காது இல்லை. அவர் எழுத்தைத்தான் நம்ப வேண்டும். எழுத்தோ அவருக்கு உதவவில்லை.

பெஸ்கிக்குத் தாய்மொழியும் உதவியிராது. இத்தாலிய மொழியில் பாலா என்று நீட்டிச் சொன்னால் மண்வாரி, பல்லா என்றால் பந்து. அங்கே பொருளை மாற்றுவது இரட்டித்து வரும் மெய். உயிர் நீள்வதும் குறுகுவதும் அந்த மெய்யைப் பின்தொடர்ந்து நடக்கும். நோர்வேஜிய மொழியிலும் கிட்டத்தட்ட இதே கதை: தாக் என்றால் கூரை, மெய்யை இரட்டித்துத் தக் என்று குறுக்கினால் நன்றி. தமிழ் அப்படியல்ல. எடு, ஏடு இரண்டிலும் பின்னால் வருவது ஒரே டுகரம். மெய்யில் எந்தக் குறிப்பும் கிடைக்காது. உயிரின் அளவு ஒன்றே பொருளை மாற்றும். இத்தாலியக் காதுக்கு இது புதிதாகப் பழக வேண்டிய ஒன்று.

பெஸ்கி செய்த திருத்தம் மிக எளியது. குறிலுக்குப் புள்ளி வைக்கும் பழைய ஒழுங்கை அவர் மாற்றினார். ஓலையில் எப்படியும் விடுபடப்போகிற புள்ளியை நம்பாமல், வெறும் உருவத்தைக் குறிலுக்கு விட்டுவிட்டு, நெடிலுக்குப் புதிய அடையாளம் கொடுத்தார். எழுத்தாணியைத் தூக்கிக் குத்த வேண்டாம். கொம்பின் மேல்நுனியை இன்னொருமுறை சுழித்தால் போதும். ஓலை கிழியாது. கெ என்பதில் ஒற்றைக் கொம்பு, கே என்பதில் இரட்டைக் கொம்பு என்று எங்கள் ஆசிரியர்கள் பாலர் வகுப்பில் சொல்லித் தந்தது இதைத்தான். தமிழ் எழுத்தின் வரலாற்றில் இந்தத் திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. உடனே எல்லோரும் ஏற்றுக்கொண்டு விடவில்லை. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் சென்றபின் அச்சான நூல்களிலும் பழைய வழக்கத்தைக் காணலாம். மெல்ல மெல்லத்தான் அது எல்லோருடைய எழுத்துமாயிற்று.

இதில் எங்களுக்குப் பாடம் ஒன்று இருக்கிறது. தமிழ் நன்றாகத் தெரிந்த எத்தனையோ தலைமுறைப் புலவர்கள் அந்த ஏடுகளை வாசித்தார்கள். அவர்களுக்குக் குறை தெரியாமல் இல்லை. அது அவர்களைத் தடுக்கவில்லை, அதனால் அப்படியே விட்டார்கள். தடுக்கி விழக்கூடியவர் வெளியிலிருந்து வந்த மாணவர். ஆகவே அந்த இடத்தில் விளக்கு வைத்தவரும் அவரேயானார்.

அவருடைய மற்றப் பணிகளிலும் இந்த மாணவனின் கண் தெரிகிறது. 1732 இல் சதுரகராதியை முடித்தார். அதற்கு முன் தமிழில் சொற்பொருள் அறிய நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளில் அமைந்தவை. மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். சொல் தெரியாதவர் எங்கே தேடுவது? பெஸ்கி சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் வைத்தார். எகரச் சொற்களை ஒரு பக்கமும் ஏகாரச் சொற்களை இன்னொரு பக்கமும் அடுக்க வேண்டுமானால், இரண்டுக்கும் வேறு வேறு முகம் இருக்க வேண்டும். எழுத்துத் திருத்தமும் அகராதியும் ஒன்றுக்கொன்று துணை.

இலக்கணத்திலும் அப்படியே. செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் எழுதினார். இலத்தீனிலும் ஓர் இலக்கணம் எழுதினார். அதோடு நிற்காமல், மக்கள் வாயில் வழங்கும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் தனியாக ஓர் இலக்கணம் செய்தார். ஏட்டுத் தமிழை மட்டும் படித்தவர் சந்தையில் போய் நின்றால் ஒன்றும் விளங்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் இது தெரியும். வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் ஆட்கள், நான் என்பதற்கு வாயை அகலத் திறந்து ஓர் ஒற்றை உயிரொலியைப் பழகிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தார்கள். இங்கே அதே சொல் யெய் என்றிருந்தது. வகுப்பில் படித்தது ஒன்று, வேலைத்தளத்தில் கேட்டது வேறொன்று.

பரமார்த்த குருவின் கதையைச் சிரிப்புக் கதையாகவே படித்தோம். முட்டாள் குருவும் அவருடைய சீடர்களும் செய்யும் கூத்தை மறக்க முடியாது. அது தமிழ் படிக்க வந்தவர்களுக்கு எளிய உரைநடையில் வாசிப்புப் பயிற்சியாக எழுதப்பட்டது. 1822 இல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டார். மொழி படிப்பவன் சிரித்துக்கொண்டு படிக்கட்டும் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். படிப்பவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு, படிப்பவனைச் சிரிக்க வைப்பது வேறு.

பெயர்களிலும் அவர் கவனமாக இருந்தார். தேம்பாவணி 36 படலங்களில் 3615 பாடல்கள் கொண்ட காப்பியம். அதன் தலைவர் சூசையப்பர். தமிழ் நாவுக்கு ஒத்துவராத பெயர்களை இழுத்துப் பறித்து எழுதாமல் பொருளைத் தமிழாக்கினார். சூசையப்பர் வளன் ஆனார். அருளப்பர் கருணையன் ஆனார். அவருடைய சொந்தப் பெயரும் அப்படித்தான் மாறியது. கொன்ஸ்தான்சோ என்பதன் பொருள் உறுதி. தைரியநாதர் என்று தொடங்கி வீரமாமுனிவர் என்று நிலைத்தது. நீளமான எங்கள் பெயர்களை வேலைத்தளத்தில் இரண்டு எழுத்தாக வெட்டிக் கொடுத்துவிட்டு நிற்கிற நாங்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நோர்வேயில் இருந்து பார்க்கும்போது அவருடைய வாழ்க்கையில் இன்னோர் ஆச்சரியமும் உண்டு. ஏலாக்குறிச்சியிலிருந்து கிழக்கே கடற்கரையில் இருப்பது தரங்கம்பாடி. 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் அங்கே கோட்டை கட்டினார்கள். அந்நாளில் டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் ஒரே மன்னர். 1814 வரை இது நீடித்தது. ஒஸ்லோவின் பெயர் அப்போது கிறிஸ்தியானியா. அந்த மன்னரின் ஆதரவோடு 1706 இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் படித்து, அச்சுக்கூடமும் அமைத்தார். சீகன்பால்கு லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், பெஸ்கி கத்தோலிக்கர். இரு சபைகளுக்கும் கடும் போட்டி. லூத்தரன் சபையாரை எதிர்த்துப் பெஸ்கி சூடாகவே நூல் எழுதினார். ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738 இல் அச்சானது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில்தான். பெஸ்கி அப்போது உயிரோடு இருந்தார். சீகன்பால்கு இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. மதத்தில் எதிரியாக இருந்தவரின் புத்தகத்தை அவர்கள் அச்சிட்டதற்குக் காரணம், தமிழ் படிக்க வருகிறவர்களுக்கு அது வேண்டியிருந்தது. எங்கள் மொழியைக் கற்பிக்கும் ஒரு நூல், நோர்வேயையும் ஆண்ட மன்னரின் கொடி பறந்த ஊரில் அச்சேறியது என்பது குறொன்லாண்டில் வாழும் எங்களுக்குச் சொல்லிவைக்கத்தக்க செய்தி.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்ட வேண்டியதில்லை. மதம் பரப்பத்தான் வந்தார்; தமிழை அதற்கான கருவியாகத்தான் முதலில் எடுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கியவர் காமத்துப்பாலைத் தொடாமல் விட்டார். ஆனாலும் எடுத்த கருவியின்மேல் அவருக்கு வந்த பற்றை அவருடைய நூல்களின் நீளமே சொல்லும்.

கடைசிக் காலம் அமைதியாக இருக்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் சந்தா சாகிப்பின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1741 இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்தார்கள். சந்தா சாகிப் சிறைப்பட்டார். பெஸ்கி தெற்கே கடற்கரை ஊர்களுக்குப் போனார். போர் துரத்தி இடம்பெயர்வது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு கேரளத்தில் திருச்சூருக்கு அண்மையில் உள்ள அம்பலக்காட்டுக்குச் சென்று, அங்கேயே 1747 பெப்ரவரி 4 ஆம் நாள் காலமானார். பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டவர் திரும்பிப் போகவே இல்லை. 1968 இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். நோர்வேஜிய மொழியை வகுப்பில் படித்தபோது, கொப்பியின் ஓரத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒளியையும் லூஸ் என்று எழுதினோம். பேனையும் லூஸ் என்று எழுதினோம். இரண்டு ஒலிக்கு ஒரே எழுத்து. எங்கள் கொப்பி அந்தப் பழைய ஓலையாகவே இருந்தது. ஒலி வேறு என்பதைக் காட்டும் அடையாளம் கண்முன் இல்லாததால் காதும் அதைத் தேடவில்லை. பிழை நாக்கில் மட்டும் இல்லை.

பெஸ்கியைப் போல நாங்களும் ஓர் அடையாளம் போடலாம். நாக்கை ஈகாரத்தில் வைத்து உதட்டை மட்டும் ஊகாரத்துக்குக் குவித்தால் ஒளி என்ற சொல்லின் உயிர் கிடைக்கும். நாக்கை ஏகாரத்தில் வைத்து உதட்டை ஓகாரத்துக்குக் குவித்தால் குறொன்லாண்டின் உயிர் கிடைக்கும். எழுத்துக்கு மேல் ஒரு சின்ன வட்டம் போட்டு வையுங்கள்: இங்கே உதடு குவிய வேண்டும் என்று அர்த்தம். கண்ணாடிக்கு முன் நின்று நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்துக் குவித்து விடுங்கள். பத்து நாளில் வித்தியாசம் கேட்கத் தொடங்கும். காது முதலில் வரும்; வாய் பின்னால் வரும்.

பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். கப்பலுக்கு ஷிப், செம்மறிக்கு ஷீப் என்று குறில் நெடிலாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். நீளம் எங்களுக்குக் கைவந்த கலை. கூரையையும் நன்றியையும் நோர்வேஜியத்தில் நாங்கள் குழப்புவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் நீளம் மட்டும் வேறல்ல. ஷிப் என்பதில் நாக்கு கொஞ்சம் கீழே இறங்கித் தளர்ந்து நிற்கும். ஷீப் என்பதில் மேலேறி இறுகும். கெட்டது என்ற சொல்லும் கட்டில் என்ற சொல்லும் தமிழ் எழுத்தில் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். அங்கே வேறுபடுவது வாய் திறக்கும் அளவு. கெட்டதற்கு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும்.

சனிக்கிழமை வகுப்பில் கொடுவைக் கோடு என்று வாசிக்கிற பிள்ளைக்கும் இதே பொறுமை வேண்டும். அந்தப் பிள்ளை பெஸ்கி நின்ற இடத்தில் நிற்கிறது. சொல் காதில் இல்லை. எழுத்தை மட்டும் நம்பி வருகிறது. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் விரலால் காட்டி, இந்த இரண்டாவது சுழியைத் தமிழுக்குத் தந்தவர் தமிழ் படிக்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் என்று சொல்லிக் கொடுங்கள். அம்மாவும் வகுப்பிலிருந்து வந்து நோர்வேஜியச் சொல்லொன்றைத் தட்டுத்தடுமாறிச் சொல்லும்போது அது சிரிக்காது. தொடருந்தில் குறொன்லாண்ட் வரும்போது, உதட்டை எப்படிக் குவிப்பது என்று அதுவே அம்மாவுக்குக் காட்டித் தரட்டும்.